அத்தியாயம் 7: அமிர்தியில் ஒரு சாக்லேட் காலை

கோகோ ஜவ்வாது மலையின் பயிர் அல்ல. ஈரமும் நிழலும் ஆண்டு முழுக்கக் கேட்கும் மரம் அது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ளும் கேரளத்தில் பாக்குத் தோப்புக்குள்ளும் ஊடுபயிராக நிற்கும். சந்தனமும் வறண்ட இலையுதிர் காடும் கொண்ட இந்த மலையில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனாலும் சாக்லேட் சுவைக்கப் பழகுவதற்கு வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில், இந்த மலையின் அடிவாரத்து அமிர்தியைவிட வாய்ப்பான இடம் எனக்குத் தெரியாது.

காரணம் மலைப் பண்டங்கள். நல்ல சாக்லேட்டில் இனிப்போடு புளிப்பும் துவர்ப்பும் கசப்பும் பூவாசமும் கலந்திருக்கும். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே நாக்குக்கு அறிமுகப்படுத்த வேண்டுமானால் புளி, கடுக்காய், மலைத்தேன், சாமை ஆகியவை கையில் இருக்க வேண்டும். நான்கும் ஜவ்வாது மலைக்காரர்களின் அன்றாடப் பொருள்கள். இன்னொரு காரணம் காற்று. வீட்டில் தாளிப்பு வாசமும் ஊதுவத்தி வாசமும் நின்றுகொண்டே இருக்கும். அதற்கு நடுவே சாக்லேட்டின் மணத்தைப் பிடிப்பது கடினம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் வந்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அங்கே 1967இல் தொடங்கிய வன உயிரினப் பூங்காவைப் பார்த்துவிட்டு, மழைக்காலம் முடிந்த கையோடு வந்திருந்தால் அருவியில் தண்ணீரையும் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் வீடு திரும்பலாம்.

எப்போது போவது, எப்படிக் கொண்டுபோவது

கார்த்திகை முதல் மாசித் தொடக்கம் வரைதான் இதற்கான காலம். கோகோ வெண்ணெய் 32 முதல் 34 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். நம் உடம்புச் சூடு 37 டிகிரி என்பதால்தான் சாக்லேட் வாயில் போட்டதும் கரைகிறது. வேலூரில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அடிவாரத்தில் இருக்கும் அமிர்தியும் அந்த நாட்களில் குளிர்ந்த ஊர் அல்ல. கோடை விடுமுறையில் இந்த அத்தியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்.

உருகினால் மறுபடி உறையவைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். உறையும், ஆனால் பழைய சாக்லேட்டாக உறையாது. கோகோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவம்தான் பளபளப்பையும், ஒடிக்கும்போது எழும் ‘படக்’ என்ற ஓசையையும் தருகிறது. ஆலையில் சூட்டை ஏற்றி இறக்கி அந்த வடிவத்தை வரவழைப்பதற்கு டெம்பரிங் என்று பெயர். கார் டிக்கியில் உருகி இரவில் உறைந்த சாக்லேட்டில் அந்த ஒழுங்கு குலைந்து, கொழுப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாகப் படியும். அது பூஞ்சணம் இல்லை, சாப்பிடலாம். கேக்குக்கும் பாலுக்கும் ஆகும். சுவைத்து ஒப்பிட மட்டும் உதவாது.

கொண்டுபோகும் முறை எளிது. பட்டைகளை உறையோடு காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி மூடுங்கள். ஐஸ் பொட்டலத்தைத் துண்டில் சுற்றி ஒரு தெர்மாகோல் பெட்டியின் அடியில் வைத்து, மேலே டப்பாவை வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் டப்பாவை வெளியே எடுத்து அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். குளிர்ச்சி போகுமுன் திறந்தால் காற்றின் ஈரம் சாக்லேட்டின் மேல் வியர்வையாகப் படியும். சர்க்கரை அதில் கரைந்து, காய்ந்த பிறகு மேற்பரப்பு நறநறக்கும்.

என்ன வாங்குவது

முதலில் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்பொருள் பட்டியலில் கோகோ மாஸ் அல்லது கோகோ பீன்ஸ், கோகோ பட்டர், சர்க்கரை என்று இருந்தால் அது சாக்லேட். பனங்கொட்டை எண்ணெயோ வேறு வெஜிடபிள் ஃபேட்டோ முன்வரிசையில் நின்று, கோகோ பவுடர் பின்னால் வந்தால் அது காம்பவுண்ட். கோகோ வெண்ணெயை எடுத்துவிட்டு மலிவான கொழுப்பை வைத்துச் செய்தது அது. வெயிலில் எளிதில் உருகாது, டெம்பரிங் தேவையில்லை, விலை குறைவு. அதனால் பேக்கரிகள் விரும்புகின்றன. ஊட்டி, கொடைக்கானல் கடைவீதியில் ‘ஹோம்மேடு’ என்று கிலோ கணக்கில் விற்பதிலும் காம்பவுண்ட் கட்டியை உருக்கி முந்திரி, திராட்சை சேர்த்து வார்த்தது நிறைய உண்டு. உண்மையான சாக்லேட்டில் வார்க்கும் கடைகளும் அங்கே இருக்கின்றன, கேட்டால் சொல்வார்கள். காம்பவுண்ட் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டு அதையும் எடுத்து வாருங்கள், வேறுபாட்டை வாயே சொல்லிவிடும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, மில்க் சாக்லேட்டில் கொழுப்பு நீக்கிய கோகோத் திடப்பொருள் 2.5 சதவீதம் இருந்தாலே போதும். கறுப்புச் சாக்லேட்டுக்கு 12 சதவீதம் வேண்டும். நாம் சிறு வயதிலிருந்து சாப்பிட்டு வந்ததில் கோகோ எவ்வளவு குறைவாக இருந்திருக்கக்கூடும் என்பது இதிலிருந்தே தெரியும். 2024இல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் பொய்த்து உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அப்படி விலை ஏறும்போதெல்லாம் ஆலைகளுக்குக் கோகோவைக் குறைக்கும் ஆசை வரும். ஆகவே பழக்கமான பெயராக இருந்தாலும் பின்பக்கத்தை ஒவ்வொரு முறையும் படிப்பது நல்லது.

உறையின் முகப்பில் 70 சதவீதம் என்று இருந்தால், கோகோக் கொட்டையும் கூடுதலாகச் சேர்த்த கோகோ வெண்ணெயும் சேர்ந்து 70 என்று பொருள். மிச்சம் பெரும்பாலும் சர்க்கரை. கொட்டை கூடி வெண்ணெய் குறைந்தால் அதே 70 அழுத்தமாக இருக்கும்; வெண்ணெய் கூடினால் வழுவழுப்பாகவும் சாதுவாகவும் இருக்கும். எண் உயர்ந்தால் தரமும் உயர்ந்தது என்று எண்ண வேண்டாம். கெட்ட கொட்டையில் செய்த 85ஐவிட நல்ல கொட்டையில் செய்த 60 எவ்வளவோ மேல்.

நான் சொல்லும் கூடை இது. எல்லாரும் அறிந்த டெய்ரி மில்க் ஒன்று. அமுல் டார்க்கில் 55 சதவீதம் ஒன்று, 99 சதவீதம் ஒன்று. இரண்டும் பெரிய கடைகளில் கிடைக்கும், விலையும் எட்டக்கூடியது. இவற்றோடு 70 சதவீதத் தமிழ்நாட்டுக் கைப்பட்டறைப் பட்டைகள் இரண்டு. ஆனைமலை அடிவாரத்தில் தன் தோட்டத்துக் கொட்டையிலிருந்தே செய்யும் சொக்லெட், ஆரோவில்லில் 2014இல் தொடங்கிய மேசன் அண்ட் கோ, சென்னையின் கொகோட்ரெய்ட் ஆகிய மூன்றில் எதுவும் சரி. கொகோட்ரெய்ட்டின் உறை பருத்திக் கழிவும் கோகோ உமியும் சேர்த்துச் செய்த காகிதம். கடைசியாகக் கேரளத்து இடுக்கியிலோ ஆந்திரத்துக் கோதாவரிப் பகுதியிலோ விளைந்த கொட்டையில் செய்த பட்டை ஒன்று. கைப்பட்டறைப் பட்டைகள் சில நூறு ரூபாய் ஆகும். நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டால் தாங்கும். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 5 கிராம் போதும். காம்பவுண்ட் துண்டு நீங்கலாக ஆறு வகைக்கு மேல் போனால் நாக்கு களைத்துவிடும்.

மரத்திலிருந்து பட்டை வரை

சுவைக்குமுன் இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், வாயில் வரும் ஒவ்வொரு சுவையும் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1798இல் குற்றாலத்தில் கோகோ நட்டுப் பார்த்தது. வணிகப் பயிராக அது நிலைத்தது 1960களில்தான். கேட்பரி நிறுவனம் 1965இல் வயநாட்டுச் சுண்டேலில் மாதிரித் தோட்டம் போட்டு விவசாயிகளுக்குக் கன்று கொடுத்தது. பிறகு மங்களூர்ப் பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான காம்ப்கோ 1986இல் புத்தூரில் தன் சொந்தச் சாக்லேட் ஆலையைத் திறந்தது. பல ஆண்டுகள் நம் தோப்புகளின் கொட்டை பெரிய ஆலைகளின் கலவைக்குள் போய்ப் பெயரில்லாமல் கரைந்தது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத்தான் தோட்டத்தின் பெயர் உறைமேல் வரத் தொடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டுச் சாக்லேட்டைப் பற்றிச் சொல்வதற்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி இல்லை.

அமிர்திக்கு வரும் வழியில் பலா மரம் கண்ணில் பட்டால் அடிமரத்தைப் பாருங்கள். கோகோவும் அப்படித்தான் அடிமரத்திலும் பெருங்கிளையிலும் பூத்துக் காய்க்கும். காயைப் பிளந்தால் வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள் முப்பது, நாற்பது இருக்கும். சதை இனிப்பும் புளிப்புமாக ருசிக்கும். உள்ளே இருக்கும் பச்சைக் கொட்டையைக் கடித்தால் ஊதா நிறமும் கடும் கசப்பும் துவர்ப்பும்தான். சாக்லேட் வாசமே வராது.

அந்த வாசத்துக்கு வித்து நொதிக்கும் நாட்களில் விழுகிறது. சதையோடு கொட்டைகளை மரப்பெட்டியில் குவித்து மூடி ஐந்து முதல் ஏழு நாள் வைப்பார்கள். முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். தொடர்ந்து தயிர் உறையவைக்கும் வகை நுண்ணுயிரியும், அதற்குப் பிறகு காடி புளிக்கவைக்கும் நுண்ணுயிரியும் வேலை செய்யும். குவியலின் சூடு 45, 50 டிகிரிக்கு ஏறும். கொட்டையின் உயிர் போய், உள்ளே உள்ள புரதமும் சர்க்கரையும் உடைந்து, பின்னால் வறுக்கும்போது மணமாக மாறத் தயாராகும். இந்த நாட்கள் குறைந்தால் துவர்ப்பு மிஞ்சும். கூடினால் அழுகல் வாடை வரும். பிறகு வெயிலில் காயவைத்து ஈரத்தை 7 சதவீதம் அளவுக்கு இறக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் காடிப் புளிப்பு உள்ளேயே தங்கிவிடும், அல்லது விறகுப் புகையில் உலர்த்த நேர்ந்து புகைவாசம் ஏறும். ஒரு சாக்லேட் ஊறுகாய்க் காடிபோல மூக்கைக் குத்தினால் பழி சாக்லேட் செய்தவர் மேல் மட்டும் இல்லை, அந்த ஆண்டின் மழை மேலும் உண்டு.

வறுத்து, தோல் நீக்கி, கொட்டையை அரைப்பது அடுத்த வேலை. 1879இல் சுவிட்சர்லாந்தின் ரொடோல்ஃப் லின்ட் நீண்ட நேரம் அரைத்துப் புரட்டும் கோஞ்ச் இயந்திரத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் சாக்லேட் இப்போதைய வழுவழுப்பை அடைந்தது. நமக்குப் பெருமையான சேதி ஒன்று இதில் உண்டு. 2000க்குப் பிறகு அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் சிறு அளவில் சாக்லேட் செய்ய முன்வந்தவர்களுக்குக் கைகொடுத்தது கோயம்புத்தூர்க் கல் கிரைண்டர். இட்லிக்கு மாவரைத்த அதே இயந்திரத்தின் மோட்டாரையும் கல்லையும் கொஞ்சம் மாற்றி, இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் ஓடும்படி அமைத்தார்கள். உலகின் எத்தனையோ சிறு பட்டறைகளில் இன்றும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது.

சுவைக்கும் முறை

காலை ஒன்பது மணிவாக்கில் நிழலான இடத்தில் உட்காருங்கள். அதற்கு முன் ஒரு மணி நேரம் காபி, டீ, வெற்றிலை, ஊறுகாய் எதுவும் வேண்டாம்.

முதலில் அளவுகோல்கள். ஒரு பிசிறு புளியை நாக்கில் வைத்து, புளிப்பு எந்தப் பக்கம் சுரக்கவைக்கிறது என்று கவனியுங்கள். வெந்நீர் குடித்துவிட்டுக் கடுக்காய்த் தோலில் நகக்கண் அளவு எடுத்துக் கடியுங்கள். (விதையைச் சேர்க்காதீர்கள், நாட்டு மருந்துக் கடையில் தோலாகவே கேட்டு வாங்கலாம்.) கன்னத்தின் உட்புறமும் ஈறும் இழுத்துப் பிடிப்பது தெரியும். அதுதான் துவர்ப்பு. கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. சாக்லேட்டில் பலரும் கசப்பு என்று முகம் சுளிப்பது பெரும்பாலும் துவர்ப்பைத்தான். பிறகு ஒரு சொட்டுத் தேன், அதன் பூவாசத்துக்காக. இதெல்லாம் முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் சாக்லேட். நடுவே உப்பில்லாத சாமைச் சோறு இரண்டு வாய் சாப்பிட்டால் நாக்கு சுத்தமாகும். ரொட்டியைவிட இதற்குச் சாமை மேல் என்பது என் தீர்மானமான கருத்து. நெல்லிக்காயை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீரே இனிக்கும், அந்த நாக்கால் எந்தச் சாக்லேட்டையும் மதிப்பிட முடியாது.

குடிப்பதற்கு வெதுவெதுப்பான தண்ணீரே வேண்டும். குளிர்ந்த நீர் நாக்கில் படிந்த கோகோ வெண்ணெயை உறையவைத்துவிடும், அடுத்த துண்டின் சுவை மேலேறாது. ஃபிளாஸ்க் ஒன்று எடுத்து வாருங்கள்.

வரிசையில் கைப்பட்டறை 70களை முன்னால் வையுங்கள். அவற்றில்தான் நுணுக்கம் அதிகம், நாக்கு புதிதாக இருக்கும்போதே அவற்றைக் கவனிக்க வேண்டும். அடுத்து 55. பிறகு மில்க், காம்பவுண்ட். 99 கடைசி. பாலும் சர்க்கரையும் முதலில் வந்துவிட்டால் அதன்பின் எல்லாம் கசப்பாகவே தெரியும். யாராவது ஒருவர் உறையைப் பிரித்து, துண்டுகளைக் காகிதத்தில் எண் போட்டு வைத்துவிட்டால் பெயரும் விலையும் கண்ணை மயக்காது.

துண்டை எடுத்ததும் காதருகே வைத்து ஒடியுங்கள். ஓசை தெளிவாக இருந்தால் டெம்பரிங் சரி. ஒடித்த முனையைக் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்து, சூடு ஏறியதும் முகருங்கள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். இனிப்பு, கசப்பு, புளிப்பு மட்டும் தெரியும், ‘சாக்லேட்’ தெரியாது. உருகத் தொடங்கியதும் மூக்கை விடுங்கள். பின்தொண்டை வழியாக மணம் ஏறும் அந்தக் கணத்தில் சுவையின் பெரும்பகுதி மூக்கில்தான் இருக்கிறது என்பது புரியும். பிள்ளைகள் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

அடுத்த துண்டை மூக்கைப் பிடிக்காமல், மெல்லாமல், நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே உருகவிடுங்கள். முதலில் பழப் புளிப்பு தலைகாட்டும். நடுவில் வறுத்த வாசம், முந்திரி, வெல்லம் போன்றவை வரும். வெண்ணெய் முழுதும் கரைந்த பிறகு கசப்பும் துவர்ப்பும் வெளியே வரும். விழுங்கிய பின் ஒரு நிமிடம் பேசாமல் இருந்து, வாயில் எது மிஞ்சுகிறது என்று பாருங்கள். நல்ல சாக்லேட் நெடுநேரம் தங்கும், தங்கும்போது மாறிக்கொண்டும் இருக்கும். மட்டமானதில் சர்க்கரைத் தித்திப்பு மட்டும் மிச்சமாகி, தண்ணீர் தாகம் எடுக்கும்.

குறிப்பு எழுதும்போது வெளிநாட்டு உறைகளில் இருக்கும் ராஸ்பெர்ரியையும் பிளம்மையும் தேடி அலைய வேண்டாம். உங்கள் வாய்க்குத் தெரிந்த நாவல், சீதா, கொடுக்காப்புளி, கருப்பட்டிப் பாகு, வறுத்த எள், ஈரமண் எது தோன்றுகிறதோ அதையே எழுதுங்கள். நால்வர் குறிப்பும் நான்கு விதமாக இருக்கும். அது சரிதான். புளிப்பு உண்டா, துவர்ப்பு மிஞ்சுகிறதா என்ற இரண்டில் மட்டும் பெரும்பாலும் எல்லாரும் ஒத்துப்போவார்கள்.

மீதித் துண்டுகளை மலைத்தேனோடு சேர்த்துப் பாருங்கள். 70இன் துண்டு பாதி உருகியதும் அரைச் சொட்டுத் தேன், அதற்கு மேல் வேண்டாம். தேன் துவர்ப்பை அமர்த்திப் பழவாசத்தைத் தூக்கும். 99ஐத் தனியாகத் தாங்க முடியாதவர்களுக்கும் தேன் துணை. புளியோடு சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புளி மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கறுப்புச் சாக்லேட் என்றால் பாதகமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 70 சதவீதப் பட்டையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கும். தேனும் சர்க்கரைதான்.

ஒரு துண்டுகூடக் கீழே விழக் கூடாது. கோகோவில் தியோப்ரோமின் என்ற பொருள் உண்டு. நம் உடம்பு அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், நாயின் உடம்பால் முடியாது. வாந்தி, நடுக்கம், இதயப் படபடப்பு வந்து, அளவு மிஞ்சினால் உயிரும் போகலாம். சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. சாலையோர நாய்களுக்கோ குரங்குகளுக்கோ பூங்காவின் மான்களுக்கோ அன்பு மிகுதியால் எதையும் போட்டுவிடாதீர்கள். அலுமினியத் தாளும் உறையும் நீங்கள் கொண்டுவந்த டப்பாவிலேயே திரும்ப வேலூருக்குப் போகட்டும்.

வீடு திரும்பியதும் குறிப்புகளைப் பார்த்து, உங்களுக்குப் பிடித்த பட்டையின் தோட்டத்தையோ ஊரையோ எழுதிவையுங்கள். அடுத்த முறை கடையில் சதவீதத்தோடு கொட்டை எந்த ஊர் என்றும் கேளுங்கள். வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்கத்தான் கொட்டையைப் பொறுமையாக நொதிக்கவைத்துக் காயவைக்கும் பொள்ளாச்சி விவசாயிக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆலைக்காரருக்கு மனம் வரும்.